பாலத்தில் ஸ்டாப் கிடையாது

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மூச்சு விட ஒரே இடம்தான் உண்டு, காவிரிப் பாலம். பாலக்கரை, காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் படியிலேயே மோதிக்கொள்வார்கள். மெயின்கார்டு கேட்டில் ஊருக்குப் புதியவர்கள் "கேட்டு எங்க இருக்கு?" என்று தேடுவதும் வாடிக்கை. கோட்டைச் சுவர் எப்போதோ போய்விட்டது, வாசல் மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. கை காட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

சத்திரத்தை விட்டுப் பாலம் ஏறிவிட்டால் மாம்பழச்சாலை வரும்வரை ஸ்டாப் கிடையாது. அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ட்ரிப் ஷீட்டை மடியில் வைத்து, ஸ்டேஜுக்கு எத்தனை டிக்கெட் என்று கணக்கு எழுதுவது அங்கேதான். நான் இருந்தது தனியார் பஸ். கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் தினப்படி என்பதால் கணக்கில் கண்ணாக இருப்போம். 1976இல் திறந்த பாலம் அது. கடைசி சில வருஷங்களில் இணைப்புகள் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பஸ் தடக்கென்று விழுந்து எழும்பும். என் பழைய ட்ரிப் ஷீட்டுகளைப் பார்த்தால் சத்திரம் வரை எழுத்து ஒழுங்காக இருக்கும், அதற்கடுத்த வரியில் ஏழு ஒன்றாகும், ஒன்பதுக்கு வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் நுழைந்திருக்கும். ஆபீஸில் கணக்குப் பிள்ளை அந்த வரியை மட்டும் என்னை வைத்துக்கொண்டே படிப்பார்.

எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினால் பின்பக்கம் மலைக்கோட்டை, முன்பக்கம் தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம். 236 அடி கோபுரம். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்றதை முடித்துக் குடமுழுக்கு செய்தது 1987இல்தான். அதனால் என் வயதுக்காரர்கள் 'புது கோபுரம்' என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. தினமும் போகிறவர் போனைப் பார்ப்பார். ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்த முதல் நாள் மட்டும் பஸ்ஸே ஒரு பக்கம் சாயும். மேட்டூர் திறந்து நாலைந்து நாள் கழித்து வரும் செம்மண் கலங்கல் தண்ணீர்தான். அதற்கு இத்தனை சந்தோஷம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் புதுப்பெண்கள் காதோலை கருகமணித் தட்டோடு நின்றுகொண்டே வருவார்கள். ஆறு வறண்ட வருஷங்களில் படித்துறையில் ஷவர் வைத்துக் கொடுத்தார்கள். அதில் நனைந்துவிட்டு வந்தவர்களுக்கும் டிக்கெட் கிழித்திருக்கிறேன். யாரும் அதிகம் பேசவில்லை.

சாயங்காலம் பாலம் வேறு ஆளாகிவிடும். நம்ம ஊருக்குக் கடல் இல்லை. இப்ராஹிம் பார்க் மாதிரி சின்னப் பூங்காக்கள் இருக்கின்றன, ஆனால் காற்று வேண்டும் என்றால் எல்லோருக்கும் காவிரிப் பாலம்தான். கைப்பிடிச் சுவரை ஒட்டி பைக்குகள், சுண்டல், பட்டாணி, குழந்தையைத் தூக்கி ஆற்றைக் காட்டும் அப்பாக்கள். எங்கள் டிரைவருக்கு இது தலைவலி. "ரோட்டை மறிச்சுக்கிட்டு என்னய்யா காத்து?" என்பார். அப்புறம் வண்டி இல்லாத நாளில் அவரே பேரனோடு அங்கே நின்றதைப் பார்த்தேன்.

நடு பாலத்தில் இறங்கப் பார்க்கும் இளவட்டங்களும் உண்டு.

"அண்ணே, இங்கேயே இறக்கிவிடுங்க, காத்து வாங்கத்தான் போறேன்."

"தம்பி, மாம்பழச்சாலையில இறங்கி நடந்து வா, இன்னும் நல்லா பசிக்கும்."

2022 செப்டம்பரில் பராமரிப்புக்காகப் பாலத்தை மூடினார்கள். முதலில் பஸ், கார். பைக்குகளை இன்னும் கொஞ்ச நாள் விட்டார்கள், பிறகு அதுவும் இல்லை. 2023 மார்ச் வரை சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. டீசல் கூடியது, ட்ரிப் குறைந்தது. அதைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது, எதிர்க்கரை ஜனங்கள் "டவுனுக்குப் போறேன்" என்று சொல்லும்போது ஏதோ வெளியூர்ப் பயணம் மாதிரி சாப்பாட்டுப் பையோடு ஏறியது. பூக்கூடைக்காரம்மாக்கள் எங்கள் வண்டியில் முன்பே குறைந்திருந்தார்கள். 2021இல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதிலிருந்து அப்படித்தான். குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரியே அதில்தான் போவாள்.

திறந்த பிறகு அந்தத் தடக் சத்தம் அடங்கிவிட்டது. என் எழுத்தும் சீரானது.

இப்போது பக்கத்திலேயே நூறு கோடிக்கு மேல் செலவில் நான்குவழிப் பாலம் கட்டுகிறார்கள். நெரிசலுக்கு அது தேவைதான், நாள் முழுக்க அதில் போய்வந்தவன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்செல்லாம் எத்தனை வண்டி போகும் என்பதைப் பற்றியே இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய பாலத்துக்கு என்ன ஆனது? 2016இல் புதுப் பாலம் வந்ததும் வண்டிகள் அதில் ஓடவில்லை, காலையில் நடப்பவர்கள் அதைப் பூங்காவாக எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலேயே ஒரு பூங்கா கிடைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து ஆற்றோடு போயிற்று. புதுப் பாலத்தில் நடக்க நடைபாதை விடுவார்கள், சரி. நடப்பவர்களைவிட நிற்பவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். சுண்டல் கூடைக்கும் சேர்த்து அகலம் கணக்குப் போட்டால் எங்கள் டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறது பாதியாகக் குறையும்.