தக்காளி விழுதும் உமிழ்வுக் கணக்கும்: கலிபோர்னியா விதிகளுக்குள் எங்கள் ஆலையின் முதல் ஆண்டு

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தக்காளி பதப்படுத்தும் ஆலையில் நீராவிப் பிரிவின் பொறியாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆண்டுப் பசுங்குடில் வாயு உமிழ்வு 25,000 மெட்ரிக் டன்னைத் தாண்டியபோது, மாநில அரசுக்கு அறிக்கை அளிப்பது, அதை வெளியாரைக் கொண்டு சரிபார்ப்பது, உமிழ்வுக்கு ஈடான அனுமதி அலகுகளை (ஒரு டன் உமிழ்வுக்கு ஓர் அலகு) ஒப்படைப்பது ஆகிய மூன்று கட்டங்களையும் நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே வேலையை ஏற்கவிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இந்த விதிகளுக்கு மூலம் 2006இல் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்ட ஏபி 32 என்னும் மாநிலச் சட்டம். 2020க்குள் மாநிலத்தின் உமிழ்வை 1990ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்த அச்சட்டம், அதை நிறைவேற்றும் பொறுப்பைக் காற்று வள வாரியத்திடம் ஒப்படைத்தது. சட்டத்தை நிறுத்திவைக்கும் நோக்கில் 2010இல் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப்பட்ட முன்மொழிவு 23ஐ வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் அனுமதி அலகுகளை வாங்கவும் விற்கவும் விடும் ‘கேப் அண்ட் டிரேடு’ எனப்படும் உச்சவரம்பு-வணிகத் திட்டம் 2013 முதல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2020க்கான இலக்கை மாநிலம் 2016இலேயே எட்டிவிட்டது. அதே ஆண்டில், 2030க்குள் 1990இன் அளவுக்குக் கீழே 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று எஸ்பி 32 என்னும் அடுத்த சட்டம் வந்தது. 2025இல் திட்டம் 2045 வரை நீட்டிக்கப்பட்டு, பெயரும் ‘கேப் அண்ட் இன்வெஸ்ட்’ என்று மாறியது.

ஆண்டுக்கு 10,000 டன்னைத் தொட்டாலே அறிக்கை கட்டாயம் என்றாலும், 25,000 டன்னுக்குள் இருக்கும்வரை சுருக்கமான அறிக்கை போதும். சரிபார்ப்பும் அலகு ஒப்படைப்பும் கிடையாது. எங்களைப் போல இயற்கை எரிவாயுவை மட்டும் எரிக்கும் ஆலைக்கு 25,000 டன் என்பது சுமார் 47 லட்சம் தெர்ம் (எரிவாயுவின் வெப்ப அளவைக் குறிக்கும் கட்டண அலகு). தக்காளியில் திடப்பொருள் ஏறத்தாழ 5 சதவீதம்தான்; அதை 31 சதவீத விழுதாக்க, உள்ளே வரும் எடையில் ஆறில் ஐந்து பங்கை நீராக ஆவியாக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. எனவே விளைச்சல் நன்றாக இருக்கும் ஒரு பருவம் போதும், ஓர் ஆலையை வரம்புக்கு அப்பால் கொண்டுபோய்விடும்.

உமிழ்வுக் கணக்கைத்தான் எல்லோரும் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது எளிய பகுதி. எரிவாயு நிறுவனத்தின் கட்டண மீட்டரை, அந்த நிறுவனத்துக்கும் ஆலைக்கும் உடைமைத் தொடர்பு இல்லாதவரை, நாம் அளவுதிருத்தம் செய்து காட்ட வேண்டியதில்லை. கொதிகலன்கள் அனைத்தையும் ஒரே குழாயின் கீழ் ஒரு தொகுதியாகக் காட்டவும் விதி இடம் கொடுக்கிறது. கட்டணக் காலம் டிசம்பர் 31இல் முடியாமல் ஜனவரியின் நடுவில் முடிவதால் சில நாள்களின் வாயுவைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் கொதிகலன்கள் பெரும்பாலும் அணைந்தே கிடப்பதால் அதன் அளவு மிகச் சிறியது. ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் வாரியத்தின் இணையக் கருவியில் அறிக்கையைப் பதிவேற்றிவிட வேண்டும்.

நேரத்தை விழுங்கியது உற்பத்திக் கணக்கு. உணவுப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு வாரியம் இலவசமாக வழங்கும் அலகுகள், அவை எவ்வளவு வாயு எரித்தன என்பதைப் பொறுத்தவை அல்ல. எவ்வளவு விழுது தயாரித்தன என்பதைப் பொறுத்தவை. ஒரு டன் விழுதுக்கு இத்தனை அலகு என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதனால் விழுதின் டன் கணக்கு பணத்துக்குச் சமம். உமிழ்வைச் சரிபார்ப்பது போலவே உற்பத்தியையும் தனியாகச் சரிபார்க்கிறார்கள். இரண்டிலும் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கணக்குப் பிரிவிடம் இருந்ததோ விற்பனைக் கணக்கு. சென்ற ஆண்டு தயாரித்து இந்த ஆண்டு விற்ற விழுது இதில் சேராது. இந்த ஆண்டு தயாரித்து கிடங்கில் கிடக்கும் விழுது சேரும். பீப்பாயில் போனது, மரப்பெட்டிக்குள் நுண்ணுயிர் நீக்கிய பையில் போனது என்று எல்லாவற்றையும் 31 சதவீதத் திடப்பொருள் என்ற ஒரே அடிப்படைக்கு மாற்றினோம். 28 சதவீத விழுது ஒரு டன் இருந்தால் அது கணக்கில் சுமார் 0.9 டன். அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒளி வளைவதைக் கொண்டு திடப்பொருளை அளக்கும் ஒளிவிலகல்மானியின் அளவீட்டைக் காட்ட வேண்டும். அந்த அளவீடு ஒவ்வொரு ஷிப்டிலும் கையால் எழுதப்பட்ட ஏடுகளில் இருந்தது. பெட்டிகளை எடைபோட்ட தராசுகளின் அளவுதிருத்தச் சான்றிதழ்களும் வேண்டும்.

சரிபார்ப்பு நிறுவனத்தை நாம்தான் தேர்ந்தெடுத்துப் பணம் தருகிறோம். ஆனால் அது வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நமக்கும் அதற்கும் நலன் முரண்பாடு இல்லை என்பதை வாரியம் முன்கூட்டியே ஏற்ற பின்புதான் வேலை தொடங்க முடியும். தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே நிறுவனத்தை வைத்துக்கொள்ளவும் முடியாது. சரிபார்ப்பு அறிக்கைக்கான கடைசி நாள் ஆகஸ்ட் 10. எங்கள் அறுவடைப் பருவம் தொடங்குவதோ ஜூலையில். லாரிகள் இரவு பகலாக வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் ஆவணம் தேடித் தர ஆளிருக்காது என்பதால், ஆலைப் பார்வையை ஜூனுக்கு முன்னமே முடிக்கும்படி நாங்கள் வற்புறுத்தினோம். தேதியை வகுத்தவர்கள் தக்காளியை நினைத்து வகுக்கவில்லை. எல்லாத் தொழிலுக்கும் ஒரே நாள்காட்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.

சரிபார்க்க வந்தவர் தன் ஐயங்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் நாம் விடையோ திருத்தமோ தர வேண்டும். “இதை எப்படிச் சரிசெய்யலாம்?” என்று எங்கள் மேலாளர் இயல்பாகக் கேட்டபோது, அவர் பணிவாக மறுத்துவிட்டார். குறை எது என்று சொல்லலாம், தீர்வு சொன்னால் அது ஆலோசனையாகிவிடும், ஆலோசனை சொன்னவர் சரிபார்ப்பவராக இருக்க முடியாது என்பது விதி. முதலில் எரிச்சலாக இருந்தாலும், அந்த விலகல் இல்லாவிட்டால் இந்த எண்களுக்குச் சந்தையில் மதிப்பே இராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய கேள்விகளில் பெரும்பாலானவை கொதிகலனைப் பற்றியவை அல்ல, தராசையும் ஷிப்ட் ஏடுகளையும் பற்றியவை. இறுதியில் உமிழ்வுக்கும் உற்பத்திக்கும் தனித்தனியே சாதகமான முடிவு கிடைத்தது.

அலகுகளை வைத்திருக்கும் இணையக் கணக்கைத் திறப்பதை யாரும் கடைசிக்கு விட வேண்டாம். நிறுவனத்தின் சார்பில் ஒரு முதன்மைப் பிரதிநிதியும் ஒரு மாற்றுப் பிரதிநிதியும் தம் அடையாளம், முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கான ஆவணங்களோடு நோட்டரி சான்றும் பெற்றுத் தர வேண்டும். எங்கள் நிர்வாகிகளுள் ஒருவருக்குத் தன் சொந்த வங்கி விவரத்தை ஏன் தர வேண்டும் என்பது கடைசி வரை புரியவில்லை, தந்தார்.

முந்தைய ஆண்டின் உமிழ்வில் 30 சதவீதத்துக்கான அலகுகளை நவம்பர் 1க்குள் ஒப்படைக்க வேண்டும்; மீதியை, சில ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடும் இணக்கக் காலம் முடிந்த பிறகு மொத்தமாகத் தரலாம். தவறினால், குறைந்த ஒவ்வோர் அலகுக்கும் நான்கு அலகு கேட்பார்கள். இலவச அலகுகள் போகக் குறைவதை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலிபோர்னியாவும் கனடாவின் கியூபெக் மாகாணமும் சேர்ந்து நடத்தும் ஏலத்திலோ வெளிச்சந்தையிலோ வாங்கலாம். ஏலத்துக்கு முன்பே பிணைத்தொகை கட்ட வேண்டும். காலை 10 மணி முதல் 1 மணி வரை மூடிய விலைக்கோரல், அதாவது ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாது. ஆயிரம் அலகுகளின் மடங்காகத்தான் கேட்க முடியும். 2012 நவம்பரில் நடந்த முதல் ஏலத்தில் ஓர் அலகு 10.09 டாலருக்குப் போனது. ஏலத்தின் குறைந்தபட்ச விலை ஆண்டுதோறும் 5 சதவீதமும் பணவீக்கமும் சேர்ந்து உயரும் என்பதால், அந்தக் காலம் திரும்பி வராது.

இப்போது எங்கள் நிர்வாகம் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆவியாக்கியில் வெளியேறும் நீராவியையே அழுத்தி மீண்டும் பயன்படுத்தும் கருவியை நிறுவினால் எரிவாயுச் செலவு வெகுவாகக் குறையும். இலவச அலகுகள் விழுதைப் பொறுத்தவை என்பதால், வாயு குறைந்தாலும் அவை குறையா, மிஞ்சுவதை விற்கலாம். உணவு ஆலைகளின் இத்தகைய முதலீடுகளுக்கு, அலகு ஏலத்தில் திரண்ட நிதியிலிருந்து மாநில எரிசக்தி ஆணையம் மானியம் வழங்கியும் இருக்கிறது. ஆனால் எங்களைப் போல வரம்பை ஒட்டி நிற்கும் ஆலை நன்றாகக் குறைத்துவிட்டால் 25,000 டன்னுக்குக் கீழே போய்த் திட்டத்தைவிட்டே வெளியேற நேரும். அப்போது சரிபார்ப்புச் செலவும் இல்லை, இலவச அலகும் இல்லை. விரும்பினால் வரம்புக்குக் கீழே இருப்பவர்களும் தாமாக உள்ளே தொடர விண்ணப்பிக்க விதியில் வழி உண்டு. எது ஆதாயம் என்பது அலகின் விலையைப் பொறுத்தது என்பதால், இரண்டு விடைகளையும் எழுதி நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்.