படுவான்கரைப் பழங்கோயில்கள்: பார்க்கப் போகிறவர்களுக்கும் காசு கொடுக்கிறவர்களுக்கும்

மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை, கல்லடிக் கடற்கரை, அவ்வளவுதான். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கமான படுவான்கரையில்தான் பார்க்க வேண்டியது கிடக்கிறது.

கல்முனை வீதியில் ஆரையம்பதியைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். அதைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் 'பாதை' ஓடியது. வெளியூராருக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போவதும் பாதையில்தான். பாலத்தால் நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிகிறது. அதே பாலத்தால் சீமெந்து லொறியும் வருகிறது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரும் மண்டூர் முருகனும் தேசத்துக் கோயில்கள், அதாவது ஓர் ஊருக்கென்றில்லாமல் பல ஊருக்கும் பொதுவானவை. பெயர் பெற்றவை, பார்க்க ஆளுண்டு. கவலை சின்னக் கோயில்களைப் பற்றியது. வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும் கண்ணகி அம்மன் கோயில்கள், செங்கல்லும் சுண்ணாம்புமாய் நிற்கும் பழைய மண்டபங்கள், கேணிகள். இவை கவனிப்பாரற்று அழிவதைவிடத் திருப்பணியில் அழிவதே அதிகம். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் போவது பழைய சாந்து, அடுத்தது தரை; பிறகு டைல்ஸ், எனாமல் பெயின்ற்.

சீமெந்து ஏன் ஆகாது? வாவிக்கரை நிலத்தில் ஈரமும் உப்பும் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. உள்ளே அடைபட்ட உப்பு செங்கல்லுக்குள்ளேயே பளிங்காகி விரிய, கல் மாவாய் உதிரும். சில வருடத்தில் பூச்சு பலகைபோலக் கழன்று விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். 'பழைய கல், பலமில்லை' என்று பழி கல்மேல் போகும்.

சுண்ணாம்புச் சாந்தின் அளவு கடினமில்லை: நன்றாக ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் வேண்டவே வேண்டாம். நீற்றாத சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். களி மூன்று மாதமாவது தண்ணீருக்குள் கிடக்கட்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பூசிய பிறகு நீறி, சுவரில் பொக்குளம் பொக்குளமாய் வெடிக்கும். ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் பூசக்கூடாது. இன்னொன்று: உரக்கடை டொலமைற் தூளைச் சுண்ணாம்பென்று வாங்கி ஏமாறாதீர்கள். அது சுடாத கல்லின் பொடி, எத்தனை நாள் ஊறினாலும் இறுகாது. முன்பு கல்குடாப் பக்கம் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்; அதை அகழ்வது இப்போது சட்டவிரோதம்.

பூசும் காலம் மாசி, பங்குனி. கார்த்திகை, மார்கழி மழையில் சாந்து கரையும். படுவான்கரை வீதிகளே வெள்ளத்தில் நிற்கும். மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று தொடங்கினால் பூச்சு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும். அப்போது பூசியே ஆகவேண்டுமென்றால் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, ஒரு கிழமை தண்ணீர் தெளிக்கவேண்டும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இழுத்துப் பிடுங்குவது அடுத்த பிழை. விரல் பருமன் தாண்டிய வேர் செங்கல்லோடுதான் வரும். அடியில் வெட்டி, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிக்கொண்டிருந்தால் பட்டுப்போகும். வேர் உக்கிய பொந்தைப் பிறகு சுண்ணாம்பால் அடைக்கலாம்.

சட்டமும் கொஞ்சம் உதவும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2000இல் வந்த ஒழுங்கின்படி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை தொடங்குமுன் தொல்லியல் மதிப்பீடு தேவை. நம் கணக்கில் அது ஏறத்தாழ 99 பேர்ச். ஆனால் பழைய கல்லைக் கண்டவர்கள் வாய் திறப்பதில்லை. சொன்னால் காணிக்குத் தொல்லியல் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்துவிடும் என்ற பயம். 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்லியல் செயலணி அமைத்தபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பயத்துக்குக் காரணமில்லை என்று யார் சொல்வது?

ஆகவே ஊரிடமே பதிவு இருப்பது நல்லது. பயணிக்கு இங்கே வேலையுண்டு. முதலில் வண்ணக்கரிடம், அதாவது கோயில் நிர்வாகியிடம், கேளுங்கள்; மூலஸ்தானத்தைப் படமெடுக்க வேண்டாம். கல்வெட்டைக் காலை ஏழு மணிக்கு அல்லது பின்னேரம் ஐந்துக்கு, வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. இருட்டிய பிறகென்றால் ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்துக்குள் சோக்கோ பெயின்ற்றோ தடவாதீர்கள்; எண்ணெயும் மாவும் படிந்திருந்தால் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் மட்டும். ஒவ்வொரு படத்திலும் அடிமட்டம் ஒன்றை வையுங்கள். முழுச் சுவர், பாதிச் சுவர், கிட்டத்துப் படம் என்று மூன்று தூரத்தில் எடுத்தால் எந்தக் கல் எங்கே இருந்தது என்று பின்னால் சொல்லலாம்.

படங்களை அச்சடித்து, திகதி எழுதி, ஒரு பிரதியை வண்ணக்கரிடமும் இன்னொன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கொடுங்கள். திருப்பணிக்குக் காசு கேட்டால் கொடுக்கலாம், எதற்கு என்று எழுதிக் கொடுங்கள்: சுண்ணாம்புக்கு, கூரை ஒழுக்கு அடைக்க, மழைநீர் வடிகாலுக்கு. ஒழுக்கை முதலில் அடைக்காமல் எந்தச் சுவரைப் பூசினாலும் அடுத்த மாரியில் திரும்பவும் பூசவேண்டி வரும்.