டேப்போட ஜீரோ முனை

ராமநாதபுரம் மாவட்டத்துல பதினெட்டு வருஷம் சர்வேயரா இருந்தேன். பட்டா மாறுதல், சப்டிவிஷன், வரப்புத் தகராறுன்னு அளக்காத சண்டை இல்ல, ஆனா ஒரு ஊரே கூடி நின்னு டேப்பையே முறைச்சுப் பாத்தது டாஸ்மாக் கடைக்கு இடம் அளக்கப் போன அன்னிக்கு மட்டும்தான்.

வெளிநாட்டுல இருக்குற மச்சான் ஒருநாள் போன்ல கேட்டான், இங்கெல்லாம் சாராயக்கடைக்கு லைசென்ஸ் குடுக்க டவுன் கவுன்சிலே உக்காந்து பேசுறாங்க, நம்மூர்ல எப்படின்னு. நம்மூர்ல நகராட்சிக்கு இதுல வேலையே இல்லடான்னேன். 2003 நவம்பர் வரைக்கும் தனியார் கடை, அதுக்கப்புறம் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போயிருச்சு. கவுன்சிலருங்க தீர்மானம் போடலாம், மனு குடுக்கலாம், அவ்வளவுதான், கடை எங்கங்கிறத முடிவு பண்றது கலெக்டர் ஆபீஸும் டாஸ்மாக்கும். ஸ்டார் ஹோட்டல் பாருக்கு எஃப்எல்3, மனமகிழ் மன்றத்துக்கு எஃப்எல்2ன்னு தனியாருக்கும் லைசென்ஸ் உண்டு, அதையும் நகராட்சியோ பேரூராட்சியோ குடுக்குறது இல்ல. (மனமகிழ் மன்றம்னு பேர் வச்சவர நான் ஒருதடவ பாக்கணும்.) கடைசில ஊர்க்காரனுக்கு வாதாட மிஞ்சுறது ஒண்ணே ஒண்ணு, எத்தனை மீட்டர்?

விதி என்னன்னா, கோயில் மசூதி சர்ச்சு, பள்ளிக்கூடம் இதுலருந்து மாநகராட்சி, நகராட்சிக்குள்ள 50 மீட்டர், மத்த ஊர்ல 100 மீட்டர் தள்ளி இருக்கணும். அதனால ஒரு பேரூராட்சிய நகராட்சியா தரம் உயர்த்துனா கடை ஒரு அடிகூட நகர வேணாம், நேத்து தப்பா இருந்தது இன்னிக்கு சரியாயிரும். வணிகப் பகுதின்னு ஒதுக்குன இடமா இருந்தா இந்த தூரமும் கிடையாது. கடை வந்தப்புறம் கட்டுன கோயிலும் கணக்குல வராது, இது தெரியாம ராவோட ராவா ஒரு பிள்ளையார கொண்டாந்து வச்சுட்டு காலைல எங்களக் கூப்பிடுவாங்க, அவங்ககிட்ட சொல்றதுக்கே சங்கடமா இருக்கும்.

2016 டிசம்பர் 15ல சுப்ரீம் கோர்ட்டு நெடுஞ்சாலைலருந்து 500 மீட்டருக்குள்ள கடையே கூடாதுன்னுச்சு. அடுத்த மார்ச் 31ல, 20,000 பேருக்கு மேல இல்லாத ஊருக்கு மட்டும் 220ன்னு குறைச்சுது. ஜூலைல நகராட்சி எல்லைக்குள்ள இது பொருந்தாதுன்னு ஒரு விளக்கம். டெல்லில உக்காந்து சொல்லிட்டாங்க, எங்க மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் வந்து பாருங்க, முனை ஒடுங்குற இடத்துல ரோட்டுலருந்து 500 மீட்டர் போனா நீங்க தண்ணிக்குள்ளதான் நிப்பீங்க. அப்ப ரோட்டோரத்துல மூடுன கடையெல்லாம் எங்க போகும்? ஊருக்குள்ளதான் வந்துச்சு.

2017 மே மாசம். கடலோர பேரூராட்சி ஒண்ணு, பேர் வேணாம். தடைக்காலம் நடக்குது, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரைல கட்டிக் கெடக்கும், அதனால ஆம்பளைங்க எல்லாரும் ஊர்லயே இருக்காங்க, ஆனா எங்கள மறிச்சது பொம்பளைங்கதான். நான், விஏஓ, தலையாரி மூணு பேர். கடைக்குப் பாத்த ஷெட்டோட ஷட்டர் வாசல்ல ஜீரோ முனைய வச்சு ரோட்டோரமாவே அளந்துட்டுப் போறோம், கச்சான் காத்து டேப்ப தூக்கி தொப்பை மாதிரி வளைக்குது, வளைஞ்சா அளவு கூடக் காட்டும், கடை வைக்கிறவங்களுக்குத்தான் லாபம், அதனால தலையாரிய நடுவுல நிக்க வச்சு புடிச்சுக்கிட்டேன். பள்ளிக்கூட கேட் வரைக்கும் 131 மீட்டர். சரியாத்தான் இருக்குன்னு விஏஓ நோட்ட மூடிட்டார்.

மீன் கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு அம்மா முன்னாடி வந்துச்சு. "ஏன் தம்பி, ரோட்டு வழியா யாரு போறா? எங்க புள்ளைக எல்லாம் இந்தக் கருவேலஞ் சந்து வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுதுக, குடிச்சவனும் அதுலதான் வருவான், அத அளங்க பாப்போம்."

அளந்தேன். சீமைக்கருவேலத்துக்கு நடுவுல ஒரு ஆள் நுழையுற அளவு மணல் பாதை, முள்ளு சட்டையப் புடிக்குது, குட்டிக் குட்டி காலடித் தடம் வரிசையா கெடக்கு. பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வரைக்கும் 74. அந்தப் பின்வாசலுக்கு கதவே கிடையாது, காம்பவுண்டு இடிஞ்ச எடம்.

ஸ்கெட்ச்ல ரெண்டு கோடும் போட்டு ரெண்டு அளவும் எழுதிக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு மேலிடத்துல ஒருத்தர் கூப்பிட்டு, யோவ் உன்ன ஒத்தையடிப் பாதை கண்டுபிடிக்கவா அனுப்புனேன், அது எஃப்எம்பில, அதான் சர்வே ஆபீஸ் புலப்படத்துல, இருக்கா, இல்லேல்ல, ரோட்ட மட்டும் காட்டி வேற போட்டுக் கொண்டான்னார். எஃப்எம்பில இல்லங்கிறது நெஜம்தான். புறம்போக்கு மணல்ல புள்ளைங்க நடந்து விழுந்த பாதை எந்த புலப்படத்துல இருக்கும்? மறுத்திருக்கலாம், அப்ப எனக்கு ப்ரமோஷன் பேனல் ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு மேல காரணம்னு ஒண்ணும் சொல்ல இல்ல. வேற ஸ்கெட்ச் போட்டேன். 131.

ஜூன் கடைசில கடை தொறந்துட்டாங்க, பகல் 12 மணிலருந்து ராத்திரி 10 வரைக்கும். போன வருஷம் ஒரு காதுகுத்துக்கு அந்த ஊர் வழியா பஸ்ல போனேன், ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், கருவேலஞ் சந்து இப்ப ஆட்டோ போற அகலத்துக்கு இருக்கு.