ஏர் ஃப்ரையர் வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு டேப் இருக்கட்டும்

அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். 4.1 லிட்டர், 6.2 லிட்டர் என்பதெல்லாம் டிராயரை விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்கும் கொள்ளளவு. ஏர் ஃப்ரையரை விளிம்பு வரை நிரப்பினால் மேலே இருப்பது கருகும், அடியில் இருப்பது அவிந்து கிடக்கும். மேலே சூடேற்றும் கம்பிச் சுருளான காயில், அதற்கு மேல் ஃபேன். சூடான காற்று கீழே இறங்கி, ஓட்டைத் தட்டு வழியாகச் சுற்றி மறுபடி மேலே ஏறுகிறது. ஒவ்வொரு துண்டையும் காற்று தொட வேண்டும். அதனால் பொருளை ஒரே அடுக்காகத்தான் பரப்ப முடியும். ஆக, வீட்டுக்குப் போதுமா போதாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தட்டின் பரப்பளவு.

கோயமுத்தூர் கிராஸ்கட் ரோடு கடையோ, ஈரோட்டுக் கடையோ, நேரில் போய் டிராயரை இழுத்து உள்தட்டை அளந்து பாருங்கள். 20 செ.மீ. சதுரத் தட்டு என்றால் 400 சதுர செ.மீ.; எலும்பில்லாத கோழி அரைக் கிலோ ஒரே அடுக்காக உட்காரும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மூன்று நான்கு பேருக்கு ஆகும். 24 செ.மீ. சதுரம் என்றால் 576 சதுர செ.மீ., ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நாலு செ.மீ.தானே என்று நினைக்கிற இடத்தில்தான் இவ்வளவு வித்தியாசம். ஒரே லிட்டர் போட்ட இரண்டு மிஷின்களில் ஒன்று ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும், இன்னொன்று அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அகலமானதை எடுக்கலாம். வட்டத் தட்டை விடச் சதுரத் தட்டில் மூலைகளும் பயன்படும்.

அப்பத்தா, தாத்தா, குழந்தைகள் என்று ஆறு பேர் இருக்கும் வீட்டில் 20 செ.மீ. தட்டை வாங்கினால் ஒவ்வொரு முறையும் இரண்டு ஈடு போட வேண்டிவரும். ஒரு ஈடு பதினைந்து, இருபது நிமிடம். முதல் ஈடு ஆறிப்போகும், இரண்டாவது ஈட்டுக்குக் குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள். அப்புறம் மிஷின் அட்டைப் பெட்டிக்கே திரும்பிப் போய்விடும்.

முன்கதவு திறக்கும் ஓவன் வகையும் இருக்கிறது; 12 லிட்டரைச் சுற்றி வரும். இரண்டு மூன்று தட்டு அடுக்கலாம், சுழலும் கம்பியில் ஒரு கிலோ முழுக்கோழி குத்தலாம் என்பார்கள். தட்டு அடுக்குவது உண்மைதான், ஆனால் காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்தட்டுதான் முதலில் சிவக்கும். பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழும் கீழ்த்தட்டை மேலும் மாற்றாவிட்டால் ஒன்று கருகல், ஒன்று வெளுப்பு. கண்ணாடிக் கதவில் படியும் எண்ணெய்க் கறையைத் துடைக்கிற வேலையும் கூடவே வரும். இரட்டை டிராயர் மாடல்களில் ஒவ்வொரு தட்டும் சிறியது. ஒரு பக்கம் கிழங்கு, ஒரு பக்கம் கோழி என்று இரண்டு விதமாகச் சமைக்கிற வீட்டுக்குத்தான் அது சரி. கேக், பிஸ்கட் சுடுவதுதான் முக்கிய ஆசை என்றால் 28, 30 லிட்டர் ஓ.டி.ஜி. (ஓவன் டோஸ்டர் கிரில்) வாங்குங்கள். சூடேறப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும்.

அடுத்தது கரண்ட். 1500 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கு இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மட்டுமே. பெரிய பவர் பிளக் பாயிண்ட் சமையல் மேடைக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ஷன் பிளக்கும் ஜங்ஷன் பாக்ஸும் போட்டுச் சமாளித்தால் கொஞ்ச நாளில் பிளக் கால் கறுத்து, பிளாஸ்டிக் இளகிய நாற்றம் வரும். அதே பாயிண்டில் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போடவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சுற்றிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 190-க்கு இறங்குவது சாதாரணம். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190-இல் 1500 வாட் மிஷின் 1020 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விட்டது. சமையல் குறிப்பில் 15 நிமிடம் என்று இருப்பது அங்கே 20 நிமிடம் ஆகும், மொறுமொறுப்பும் குறையும். மிஷின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு 1200 வாட் சின்ன மிஷின் வேண்டாம், 1500-க்குக் குறையாமல் எடுங்கள். டச் டிஸ்பிளேயை விடத் திருகு குமிழ் வைத்தது நல்லது. கரண்ட் போய் வந்தால் பல டச் மாடல்கள் வைத்த அளவை மறந்துவிடும்; வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் அடிவாங்குவதும் அந்தச் சர்க்யூட் போர்டுதான். குமிழ் மாடலிலும் ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் போனாலும் ஸ்பிரிங் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். மணி அடித்ததே, வெந்திருக்கும் என்று எடுத்துவிடாதீர்கள்.

பில் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. காயில் இடைவிடாமல் எரிந்தாலும் அரை மணிக்கு முக்கால் யூனிட். தினமும் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்டுக்குள் அடங்கும். சூடு ஏறியதும் காயில் அணைந்து அணைந்து எரிவதால் உள்ளபடியே இன்னும் குறையும். ஏற்கெனவே, கட்டணம் எகிறும் 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடுகிற வீடுகள் மட்டும் யோசிக்கலாம்.

இடம்: மேடை பொதுவாக இரண்டு அடி, 60 செ.மீ. மிஷினின் ஆழம் 35 முதல் 40. பின்பக்கம்தான் சூடான காற்று வெளியேறும் வழி, சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. விட வேண்டும். மேலே மர அலமாரி தொங்கினால் நேர் கீழே வைக்க வேண்டாம், கேஸ் அடுப்பை ஒட்டியும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், இதில் என்ன செய்ய முடியாது என்பது. 2010-இல் பெர்லின் ஐ.எஃப்.ஏ. மின்சாதனக் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது முன்னால் நின்றது உருளைக்கிழங்கு வறுவல். நம் நோம்பிப் பலகாரத்துக்காக யாரும் இதை வடிவமைக்கவில்லை. பஜ்ஜி மாவு ஓட்டை வழியாகச் சொட்டும், ஃபேன் காற்றில் அலைந்து சப்பையாகும். உளுந்து வடை உள்ளே அவிந்த மாவாக, மேலே காய்ந்த தோலாக வரும். எண்ணெய் சூட்டைத் தொட்டவுடனே மாவுக்குக் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி உப்ப வைக்கும். காற்று அந்தச் சூட்டை மெதுவாகத்தான் கொடுக்கும், உப்புவதற்கு முன் தோல் இறுகிவிடும். பூரி, கச்சாயம், முறுக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவற்றுக்கு வடச்சட்டி இருக்கட்டும். ஆனால் காலையில் சுட்ட வடையைச் சாயங்காலம் 170 டிகிரியில் நாலு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். பேக்கரி முட்டை பஃப்ஸுக்கு 160 டிகிரி, நாலு நிமிடம். இந்த வேலையில் மைக்ரோவேவ் இதன் பக்கத்திலேயே வர முடியாது.

பள்ளிபாளையம் சிக்கனையும் இதில் போட வேண்டாம். கிள்ளிப் போட்ட வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் கறி வேகும் முன்பே கருகிவிடும்; லேசான மிளகாய்த் தோல் பறந்து காயிலில் ஒட்டி வீடே இருமும். கறியிலிருந்து இறங்கும் தண்ணீரில் சின்ன வெங்காயம் வதங்கிச் சுருள்வதுதான் அந்தப் பதார்த்தமே. நாட்டுக்கோழியை நேராகப் போட்டால் நார்நாராக இறுகும்; குக்கரில் வேகவைத்துத் தண்ணீர் வற்றிய பிறகு 200 டிகிரியில் ஆறு நிமிடம் என்றால் நன்றாக வரும்.

சிக்கன் 65-க்கு இந்த மிஷின் நன்றாகவே பொருந்தும். எலும்பில்லாத பிராய்லர் அரைக் கிலோ, 3 செ.மீ. துண்டுகள். கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1, மிளகாய்த்தூள் 1, அரிசி மாவும் கான்பிளவரும் ஒன்றரை ஒன்றரை, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. மசாலா துண்டின் மேல் ஒட்டி நிற்க வேண்டும், வழியக் கூடாது. அரை மணி ஊறட்டும். மூன்று நிமிடம் சூடேற்றி, 190 டிகிரியில் 8 நிமிடம். திருப்பிப் போட்டு எண்ணெய் தொட்டுத் தடவி இன்னும் 5 அல்லது 6 நிமிடம். சில இடத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு தெரிந்தால் அங்கே எண்ணெய் படவில்லை என்று அர்த்தம். எண்ணெய் படாத மாவு எத்தனை நிமிடம் வைத்தாலும் பச்சையாகவே காயும். "எண்ணெயே இல்லாமல்" என்ற விளம்பரத்தை நம்பினால் நடப்பது இதுதான்.

நிலக்கடலை வறுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பச்சை நிலக்கடலைப் பருப்பு 300 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்பை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறிவிடுங்கள். உப்புப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. காய்ந்த தோல் உரிந்து மேலே பறந்து காயிலில் ஒட்டுவதை இந்த ஈரம் தடுக்கும். 160 டிகிரி, 12 முதல் 14 நிமிடம், நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை குலுக்குங்கள். தோல் வெடிக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் கடித்துப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் நொறுங்கும். அது தெரியாமல் இன்னும் ஐந்து நிமிடம் வைத்தால் கசந்துவிடும்.

உருளைக்கிழங்கில் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு புதிதாகக் கிடைத்தால் நல்லது. பிரிட்ஜில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். உள்ளே வேகும் முன் வெளியே கறுக்கும். ஒரு செ.மீ. தடிமனாக நறுக்கி, அரை மணி தண்ணீரில் போட்டு, அலசி, துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். 160-இல் 12 நிமிடம் வேகவிட்டு, குலுக்கி, 200-இல் 6 முதல் 8 நிமிடம். அரிசிம்பருப்பு சோற்றுக்கு இது ஒன்று போதும். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) சிப்ஸ் போலச் சீவிப் போட்டால் பல் உடையும். விரல் நீளம் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, எண்ணெய் பிசறி 200-இல் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

மேட்டூர் அணைக் கட்லா மீனோ ஜிலேபி மீனோ, ஒன்றரை செ.மீ. துண்டாக இருக்கட்டும். தட்டில் எண்ணெய் தடவி, 180-இல் 7 நிமிடம் தொடாமல் விட்டால் அடிப்பக்கம் இறுகித் தானே விடும். அவசரப்பட்டால் மசாலா தட்டிலும் மீன் கையிலும் வரும். அப்பளம் பறக்கும், மேலே சின்னக் கம்பி ஸ்டாண்டு வைத்து அமுக்குங்கள். பட்டர் பேப்பர் விரிப்பதானால் பொருளோடு சேர்த்துத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் தாளை வைத்துச் சூடேற்றினால் அது எழும்பிக் காயிலில் பட்டுத் தீப்பிடிக்கும்.

செக்குக் கடலை எண்ணெய் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும். சுத்திகரித்த எண்ணெயை விடக் குறைந்த சூட்டிலேயே அது புகையும். குறைந்த சூட்டில் வைக்கிற பொருளுக்குப் பிரச்சினை இல்லை. 200-இல் வைக்கிற பொருளுக்கு ரீஃபைண்டு எண்ணெய் தடவிவிட்டு, எடுத்த பிறகு செக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பிசறினால் மணமும் கிடைக்கும். டப்பாவில் அடைத்து வரும் ஸ்பிரே வேண்டாம். அதில் கலந்திருக்கும் லெசித்தின் நான்ஸ்டிக் பூச்சின் மேல் பிசினாகப் படிந்துவிடும், பிறகு எதற்கும் போகாது. பிரஷ்ஷோ, பம்ப் பாட்டிலோ போதும்.

வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். தோலோடு போட்ட கோழியின் கொழுப்பு தட்டுக்கு அடியில் வடிந்து காய்கிறது, வடித்துவிட்டுத் தொடரலாம். கறுப்புப் புகை என்றால் உடனே அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள்.

கழுவுவதில் நம் பக்கத்துப் பிரச்சினை தண்ணீர். சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் கவலையில்லை. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் தட்டில் வெள்ளைப் படிவம் ஏறும், அதன் மேல் மசாலா ஒட்டும். கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள். படிந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து கால் மணி ஊறவையுங்கள். கம்பி நாரும் எவர்சில்வர் கரண்டியும் பூச்சுக்கு எதிரி. மாதத்துக்கு ஒரு தடவை, பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டு, மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து ஈரத்துணியால் காயிலைத் துடைக்க வேண்டும். "பொரிக்கும்போது பழைய எண்ணெய் நாற்றம் வருதுங்க" என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் துடைக்காத காயில்தான்.

காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேளுங்கள்: இந்த மாடலின் கூடையும் தட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை; சர்வீஸ் சென்டர் எங்கே. கோயமுத்தூரில் கிரைண்டர் கெட்டால் தெருமுனையில் ஆள் இருக்கிறார், ஏர் ஃப்ரையர் போர்டுக்கு அப்படி இல்லை. பூச்சு உரிந்த கூடைக்கு மாற்று கிடைக்காவிட்டால் மிஷினே வீண். தட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ரப்பர் பொத்தான்களையும் எண்ணி வாங்குங்கள். அவை இல்லையென்றால் தட்டு ஆடி டிராயரின் பூச்சைக் கீறும், கவிழ்க்கும்போது தட்டும் சேர்ந்து விழும். வீட்டுக்கு வந்ததும் வெறும் மிஷினை 200 டிகிரியில் கால் மணி ஓட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். புது வாசனை போன பிறகு முதல் ஈடு கடலையாக இருக்கட்டும், கெட்டாலும் நஷ்டம் குறைவு.