ஆன் ஆகாத போர்டு, அடாப்டர் மாத்துங்கன்ற பதில், கடைசில கை கொடுத்த சீரியல் லாக்

புதுசா வாங்குன சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் (ஒரே போர்டுல அடங்கற குட்டி கம்ப்யூட்டர்) ஆன் ஆகலைன்னு சொன்னா கடைக்காரங்க கிட்ட இருந்து வர்ற முதல் ரெண்டு பதிலு எப்பவும் ஒண்ணுதான், அடாப்டரை மாத்துங்க, மெமரி கார்டை மாத்துங்க. நிறைய பேருக்கு நிஜமாவே அதுதான் பிரச்சனையா இருக்கும், அதனால அதைக் கேக்கறது தப்பு இல்ல. ஆனா போர்டே ஃபால்ட்டா இருந்தா அந்த ரெண்டு பதிலைத் தாண்டி உள்ள போறதுதான் பெரிய கஷ்டம். நான் அதைத் தாண்டி ரீப்ளேஸ்மென்ட் வாங்கிட்டேன், எப்படின்னு எழுதி வெச்சா யாருக்குனா உதவும். கடை பேரும் போர்டு பேரும் வேணாம், ராக்சிப் ஆர்கே3588 சிப் போட்ட 8 ஜிபி ராம் போர்டு, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

வாங்குனது எனக்காக இல்ல. அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமத்துல சாயந்திரத்துல பசங்களுக்கு காசு வாங்காம டியூஷன் எடுக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அங்க நெட் சிக்னல் ரொம்ப மோசம், அதனால கிவிக்ஸ்ன்ற ஆஃப்லைன் சாஃப்ட்வேர் போட்டு தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமா போர்டுலயே ஏத்தி, நெட்டே இல்லாம வைஃபைல பசங்க படிக்கற மாதிரி செஞ்சு தரேன்னு சொல்லியிருந்தேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து போட்ட காசு. அதனாலதான் போனா போவுதுன்னு விட மனசே வரலை.

காட்பாடி வீட்டுக்கு பார்சல் வந்ததும் சீல் உடைக்கறதுல இருந்து முதல் தடவை பவர் குடுக்கற வரைக்கும் கட் இல்லாம ஒரே வீடியோவா எடுத்துட்டேன், இதை எல்லாரும் செய்யணும், பின்னாடி ரொம்ப உதவுச்சு. சிவப்பு லைட்டு எரியுது, டிவில ஒண்ணும் வரலை, நெட்வொர்க் போர்ட்லயும் லைட்டு இல்ல.

கடைக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அவங்க என்ன கேப்பாங்கன்னு தெரியும், அதையெல்லாம் நானே பாத்து வெச்சுட்டேன். மல்டிமீட்டரை 40 பின் ஹெடர்ல 2வது பின்னுக்கும் 6வது பின்னுக்கும் வெச்சா 5.1 வோல்ட் ஸ்டெடியா நிக்குது. யூஎஸ்பி-சி கேபிளையும் மாத்திப் பாத்தேன், ஏன்னா கேபிள்னால போர்டு ஆன் ஆகாம போறது நடக்கற விஷயம்தான், 2019ல வந்த ராஸ்பெர்ரி பை 4 முதல் பேட்ச்ல சில லேப்டாப் சார்ஜர் கேபிள் போட்டா பவரே ஏறாது, அப்புறம் டிசைனை மாத்தி சரி பண்ணாங்க. மெமரி கார்டை எஃப்3ன்ற டெஸ்ட் சாஃப்ட்வேர் வெச்சு முழுசா எழுதிப் படிச்சுப் பாத்தேன், கார்டு ஒரிஜினல்.

அடுத்து மாஸ்க்ரோம். ராக்சிப்ல பூட் பண்ண எதுவும் கிடைக்கலைன்னாலோ, போர்டுல இருக்கற சின்ன பட்டனை அழுத்திகினு லேப்டாப்ல சொருகினாலோ, சிப்பு தன்னோட உள் ரோம்ல இருந்தே எந்திரிச்சு யூஎஸ்பில தன்னைக் காட்டிக்கும். லினக்ஸ்ல, யூஎஸ்பில என்ன சொருகியிருக்குன்னு காட்டற எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட் அடிச்சா 2207:350பி-ன்னு இந்த சிப்போட அடையாள எண் வந்துச்சு. அப்போ பவர் சரி, சிப்பு உயிரோட இருக்கு, அதுக்கு அடுத்த கட்டத்துலதான் ஏதோ நிக்குது.

இதையெல்லாம் தெளிவா மெயில்ல எழுதி டிக்கெட் போட்டேன். பதில் வந்துச்சு, அடாப்டரை மாத்துங்க, மெமரி கார்டை ஃபார்மேட் பண்ணுங்க. நான் எழுதுனதை யாரும் படிக்கலை. திரும்ப எழுதினா வேற ஒருத்தர் அதே பதில். போன் பண்ணா ஒரு தம்பி எடுத்தாரு, மரியாதையாதான் பேசினாரு, ஊர் எதுன்னு கேட்டாரு, வேலூர்னு சொன்னதும் "சார் அங்க வெயில் ஜாஸ்தியாச்சே, ஹீட்ல போயிருக்கும், அது வாரன்ட்டில வராது"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. நம்ம ஊர்ல மே மாசம் 40 டிகிரி தாண்டறது நிஜம், ஆனா இந்த மாதிரி சிப்பு எல்லாம் 80 டிகிரி வரைக்கும் சாதாரணமா ஓடும், ராஸ்பெர்ரி பையே 80 தொட்டாத்தான் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், பெட்டில இருந்து எடுத்து முதல் தடவை சொருகினப்பவே எந்திரிக்காத போர்டுக்கு வெயில் என்ன பண்ணும். இதை அவர்கிட்ட சொன்னேன், "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்றேன் சார்"னு வெச்சுட்டாரு.

இங்கதான் சீரியல் கன்சோல், அதாவது போர்டு எந்திரிக்கும்போது என்ன செய்யுதுன்னு வரி வரியா லேப்டாப்புக்கு அனுப்பற வழி, அந்த வரிங்கதான் லாக். அதுக்கு வேண்டியது யூஎஸ்பி டு டிடிஎல் அடாப்டர், இருநூறு ரூபாக்குள்ளதான், போர்டு வாங்கும்போதே சேத்து வாங்கிடுங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, ராக்சிப் போர்டு வழக்கமான 115200 பாட் வேகத்துல பேசாது, 1500000ல பேசும், பழைய சிபி2102 அடாப்டர் 10 லட்சத்தோட நின்னுடும், ஸ்க்ரீன்ல கண்டபடி எழுத்துதான் வரும், சிஎச்340ஜி இல்லைன்னா எஃப்டி232 எடுத்தா சிக்கல் இல்ல. கிரவுண்டை முதல்ல மாட்டுங்க, டிஎக்ஸ் (அனுப்பற பின்) போயி ஆர்எக்ஸ்ல (வாங்கற பின்), ஆர்எக்ஸ் போயி டிஎக்ஸ்ல, அடாப்டர்ல இருக்கற 5 வோல்ட் வயரைத் தொடவே தொடாதீங்க.

லாக் வந்ததும் எல்லாம் புரிஞ்சு போச்சு. இந்த சிப்பு எந்திரிக்கும்போது முதல் வேலையா ராமைத் தட்டி எழுப்பும், ராம் நாலு சேனலா இருக்கும், 8 ஜிபி போர்டுன்னா ஒவ்வொரு சேனலுக்கும் 2048 எம்பின்னு வரிசையா நாலு லைன் வரணும், அப்புறம் அவுட்னு ஒரு வார்த்தை, அதுக்கப்புறம்தான் லினக்ஸை ஏத்தற யூ-பூட் புரோகிராம். என்னோடதுல மூணு சேனல் ஒழுங்கா வந்துட்டு நின்னுடுது. எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அதே இடம். மாஸ்க்ரோம்ல யூஎஸ்பி வழியா லோடர்ன்ற சின்ன புரோகிராமை ஏத்தினாலும் அதே இடம், ஏன்னா அந்த லோடரும் முதல்ல ராமைத்தான் எழுப்பணும். ராம் சிப்போ அதுக்குக் கீழ இருக்கற சால்டரோ, ரெண்டுல ஒண்ணு. அடாப்டரும் கார்டும் மாத்தி இது சரியாவே ஆகாது.

ஆபீசர்ஸ் லைன் பக்கம் மொபைல் சர்வீஸ் பண்ற அண்ணன்கிட்ட காமிச்சேன், மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு "ராம் ஓரத்துல சால்டர் சரியா உக்காரலை மாதிரி தெரியுது, ஹாட் ஏர்ல ஒரு தடவை சூடு காட்டினா பிடிச்சாலும் பிடிக்கும், ஆனா நான் கை வெச்சா வாரன்ட்டி போயிடும், முதல்ல அவங்களைக் கேளு"ன்னாரு. வர்ற வேலையை வேணாம்னு சொல்லி எனக்கு வழி சொன்ன மனுஷன், காசும் வாங்கலை.

அப்புறம் ஒரே மெயில். அன்பாக்ஸிங் வீடியோ, மல்டிமீட்டர் போட்டோ, சீரியல் லாக் முழுசும், எந்த லைன்ல நிக்குதுன்னு மார்க் பண்ணி. இந்த தடவை சப்போர்ட்டுக்கு மட்டும் அனுப்பலை, வெப்சைட்ல கீழ குறைதீர் அதிகாரின்னு ஒரு மெயில் ஐடி இருக்கும் பாருங்க, அதுக்கும் சேத்து. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு அவங்க பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். அதையும் எழுதி, தீரலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல பதிவு பண்ணுவேன், அதுக்கும் மேல வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுவேன்னும் எழுதினேன். கடை எந்த ஊர்ல இருந்தாலும் 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. 1915ல தமிழ்லயே பேசலாம், வீட்ல பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க.

மிரட்டலுக்கு எழுதலை, செய்யத் தயாராவே இருந்தேன். ஆனா அது வரைக்கும் போகலை. அடுத்த பதில் ஒரு இன்ஜினியர்கிட்ட இருந்து வந்துச்சு, லாக்கைப் படிச்சிருக்காருன்னு முதல் வரிலயே தெரிஞ்சுது, ராம் ஃபெயிலியர்தான், போர்டை அனுப்புங்க, மாத்தித் தரோம்னு. மனசு அப்பதான் லேசாச்சு. எங்க பின்கோடுக்கு ரிவர்ஸ் பிக்கப் இல்லையாம், நானே ஸ்பீடு போஸ்ட்ல போட்டேன், போர்டோட வந்த ஆன்டிஸ்டேடிக் கவர்லயே வெச்சு, சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு.

புது போர்டு வந்ததும் டிவில மாட்டறதுக்கு முன்னாடி சீரியல் மாட்டிப் பாத்தேன், நாலு சேனலும் வந்துச்சு, யூ-பூட் வந்துச்சு. ஒரு ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கற மெம்டெஸ்டர் ஓட விட்டு எரர் ஒண்ணும் இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம்தான் அணைக்கட்டுக்கு எடுத்துகினு போனேன். இப்ப அங்க ஓடுது, பசங்க ஆளுக்கொரு தலைப்பா தேடிகினு இருக்காங்கன்னு அக்கா சொன்னாங்க. போஸ்ட் செலவை திருப்பித் தரோம்னு அந்த இன்ஜினியர் மெயில்ல எழுதியிருந்தாரு, அது இன்னும் வரலை, ரசீதை ஸ்கேன் பண்ணி அதே டிக்கெட்ல போட்டிருக்கேன்.