இதை எங்கே ஊற்றுவது?

"அதில் பாதரசம் இருக்கிறது, அண்ணா" என்று, பயிற்சியில் இருந்த கல்லூரி ஆய்வகத்தின் உதவியாளரிடம் நான் சொன்னதில் தவறில்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். இருந்தும், அதற்கு அவர் திருப்பிக் கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை.

நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிகரணிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளப்பது சி.ஓ.டி. பரிசோதனை. அதைச் செய்தவர்களுக்கு இந்தச் சூழல் புரியும். மாதிரி நீரோடு, கழிவை ஆக்சிகரணிக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்க வைப்போம். ஆறிய பிறகு ஃபெராயின் என்ற நிறங்காட்டியைச் சில சொட்டுகள் விட்டு, நீலப்பச்சை செம்பழுப்பாகத் திரும்பும் இடத்தில் பியூரெட்டை மூடினால் வேலை முடிந்தது. எங்களுக்கு வந்தது சாயக்கழிவு நீர். அதில் உப்பு ஏராளம். உப்பிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்றுவிட்டுப் பொய்க் கணக்குக் காட்டும். அதைக் கட்டிப்போடத்தான் மெர்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பு. 20 மில்லி மாதிரிக்கு 0.4 கிராம். செய்முறைக் குறிப்பில் அது ஒரே ஒரு வரி.

ஒரு மாலை அந்த வரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட்டில் பாதரசம் மட்டும் ஏறக்குறைய 0.27 கிராம். நம் நாட்டு விதிப்படி ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் ஒரே ஒரு குடுவையில் இருப்பதை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 27,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதே அட்டவணையில் இருக்கும் விதிதான். அந்த விதியைச் சாயப்பட்டறை மதிக்கிறதா என்று பார்க்க, இன்னொரு விதியை நாங்கள் மீறிக்கொண்டிருந்தோம். கழிவுக்கென்று மேசைக்கடியில் வைத்திருந்த கேன் எப்போதோ நிறைந்துவிட்டது. அதன் பிறகு எல்லாம் சிங்கில்தான் போனது, குழாயை முழுவதும் திறந்துவிட்டு.

ஊற்றிக் கழுவியவர் அந்த உதவியாளர். மறுநாள் காலை அவர் குடுவையைச் சாய்க்கும்போதுதான் நான் சொன்னேன்.

"பாதரசமா? தெர்மாமீட்டரில் உருண்டு ஓடுமே, அதுவா?"

"அதேதான், அண்ணா. இதில் கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்கு ஆகாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்."

அவர் குழாயை மூடினார். குடுவையைக் கீழே வைக்கவில்லை. "சரி கண்ணு. அப்போது இதை எங்கே ஊற்றுவது?"

என்னிடம் பதில் இல்லை. கேன் நிறைந்திருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கேட்கப் போன இடத்தில் ஆராய்ச்சி மாணவியான அக்கா என்னைக் கடிந்துகொண்டார். "நீ ஜூன் முடிந்தால் கிளம்பிவிடுவாய். அவர் இங்கேதான் இருக்க வேண்டும். பயத்தைக் கொடுத்தாய் சரி, கூடவே வேறு என்ன கொடுத்தாய்? ஒரு வழி செய்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே."

அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் எண்ண வேண்டாம். கழிவை அகற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு எழுதியவர் அவர் ஒருவர்தான். அபாயகரமான கழிவை 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். அதைக் கையாளும் பொது நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால் ஒரு கல்லூரியின் ஓரிரு கேன்களுக்காக யார் வண்டி அனுப்புவது, யார் பணம் கட்டுவது என்ற இடத்தில் கோப்பு படுத்துவிட்டது.

அன்று அக்காவிடம் கொடைக்கானலைச் சொல்லி வாதாடினேன். அங்கிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்படும்போது 2016 ஆகிவிட்டது. தாங்கள் கையாண்ட பொருளின் ஆபத்தை யாரும் விளக்கவில்லை என்பது அவர்களுடைய பெரிய குறை. தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா? வழி பிறக்கும்வரை உண்மையை ஒத்திப்போட்டால் வழியும் சேர்ந்தே ஒத்திப்போகும். இப்படியெல்லாம் பேசினேன். இன்றும் இதையேதான் பேசுவேன்.

ஆனால் பிறகு நடந்தவற்றையும் பார்த்தேன். உதவியாளர், பரிசோதனைக்கு எடுத்த ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து, "இதிலும் அது இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கினார். பி.ஓ.டி. என்ற இன்னொரு நீர்ப் பரிசோதனைக்கான பாட்டில், காய்ச்சி வடித்த நீர், எல்லாவற்றையும். பக்கத்து அறையில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வெளியே மரத்தடிக்குப் போனார், அது நல்லதுதான். ஒருநாள் மெதுவாக, "வீட்டில் என் சட்டையை அவள்தான் துவைக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். தனியாகத் துவைக்கச் சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்குப் பரிசோதனை செய்து பார்த்து, ஒன்றுமில்லை என்றோ இருக்கிறது என்றோ சொல்லியிருக்க வேண்டியது மருத்துவர். அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது கல்லூரி. இடையில் நின்றவள் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவி.

அமிலத்தைக் கண்டு அவர் என்றைக்குமே கவனமாகத்தான் இருந்தார். பட்டால் சுடும், சட்டை ஓட்டையாகும். அந்த ஆபத்து தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். பாதரச உப்பு சுடவும் இல்லை, நாறவும் இல்லை. அதை யாராவது வாயால் சொன்னால்தான் உண்டு. நான் சொன்னது சரி என்று தோன்றும்போதெல்லாம் இந்த எண்ணத்தில்தான் வந்து நிற்கிறேன். உடனே அந்தச் சட்டைக் கேள்வியும் வந்துவிடுகிறது.

புதிய கேன் வந்தது. அக்காவின் மனுவாலோ என் வாதத்தாலோ அல்ல. உதவியாளரே அலுவலகத்துக்குப் போய், "ஊற்ற இடம் கொடுங்கள், பிறகு கழுவுகிறேன்" என்று நின்றார். குடுவைகள் கழுவப்படாமல் குவிந்தன. எங்கள் பரிசோதனை நின்றது. அதற்காக அவர் திட்டு வாங்கினார். நான் வாங்கவில்லை. வழி கிடைத்த பிறகு சொல் என்ற அக்காவின் பேச்சுக்கு இதைத்தான் பதிலாக வைத்திருக்கிறேன்: தெரிந்திருந்ததால்தானே அவரால் கேட்க முடிந்தது? ஆனால் அந்தத் துணிச்சலுக்கான விலையை நான் கொடுக்கவில்லை என்பதால், இந்தப் பதிலை அக்காவிடம் உரக்கச் சொல்ல நா எழவில்லை.

பயிற்சி அறிக்கையில், எங்கள் பரிசோதனைகளால் உண்டான பாதரசக் கழிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதை அடித்துவிட்டார். "இது ஆய்வகப் பராமரிப்பு, ஆய்வின் முடிவு அல்ல" என்றார். எனக்கு அது முடிவுதான். அதே சமயம், இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லும் பக்கத்திலும் நான் இல்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்டபாட்டை அறிந்தவள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பின்னால் விவசாயிகள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டம் இருக்கிறது. தண்ணீர் கெட்டதை எண்ணாகக் காட்டாமல் எந்த நீதிமன்றத்தில் நிற்பது?

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கும் நான் சி.ஓ.டி. எடுத்தாக வேண்டும். மூடிய குழாய் முறையில் செய்தால் 2.5 மில்லி மாதிரி போதும். பாதரசமும் அந்த அளவுக்குக் குறையும். அதற்கான குழாய்களும் சூடாக்கும் கருவியும் வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோது உதவியாளரையும் உடன் அழைத்துக்கொண்டு போனேன். அழைத்திருக்க வேண்டுமா என்று அக்கா கேட்டார். "வருகிறீர்களா என்று கேட்டேன், வந்தார்" என்றேன்.