ஒட்டடையை அடிக்காதீர்கள், தேன்சிட்டு வரட்டும்

"சென்னையில் ஹம்மிங்பேர்ட் வருமா?" வராது. தமிழில் ஓசனிச்சிட்டு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் அந்தக் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. 'எங்க வீட்டு ஹம்மிங்பேர்ட்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இருப்பது இரண்டில் ஒன்று. பகலில், கிளையில் உட்கார்ந்து பூவைக் குடைந்தால் தேன்சிட்டு. பொழுது சாய்கிற நேரத்தில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று நீண்ட குழலால் உறிஞ்சினால் அது அந்துப்பூச்சி. படத்தைப் பெரிதாக்கித் தலையில் உணர்கொம்பு இருக்கிறதா என்று பார்த்தால் வழக்கு முடிந்தது.

இந்த வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை, தோட்டம் போடும் முறையையே மாற்றிவிடும். ஓசனிச்சிட்டு பறந்தபடியே குடிக்கும், பின்பக்கமாகக்கூடப் பறக்கும். தேன்சிட்டு அவசரத்துக்கு ஓரிரு நொடி அந்தரத்தில் சிறகடிக்குமே தவிர, உட்கார்ந்து சாப்பிடத்தான் அதற்குப் பிடிக்கும். எனவே பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் காலூன்ற ஏதாவது இருக்க வேண்டும். மெல்லிய தண்டின் நுனியில் பூ தொங்குகிறது, பக்கத்தில் பிடிமானம் இல்லை என்றால் ஒரு காய்ந்த குச்சியைத் தொட்டியில் செருகிவிடுங்கள். பென்சிலைவிட மெல்லியதாக இருந்தால் நல்லது.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு பிளாஸ்டிக் தேன்குப்பி சென்னைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்காவில் அதற்குச் சொல்லும் கணக்கு சரியானதுதான்: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், நிறம் கலக்கக் கூடாது, தேன் சேர்க்கக் கூடாது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நமக்கு நல்லதாக இருக்கலாம், பறவைக்கு ஆகாது. அவற்றில் இரும்பு அதிகம், புளிப்பதும் சீக்கிரம். சிக்கல் நம் ஊர் வெயிலில் இருக்கிறது. கோடையில் காலையில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் அன்றைக்கே கெடத் தொடங்கும். தினமும் கழற்றி, வெந்நீர் விட்டு, மூலைமுடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்க முடிகிறவர் வைக்கலாம். இரண்டு நாள் ஊருக்குப் போனால் உள்ளே பூஞ்சை, வெளியே எறும்பு வரிசை, மேலே அணில். பூச்செடி தன் தேனைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

எந்தப் பூ? ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி முதலில். அடுக்குச் செம்பருத்தி பார்க்கத்தான் பெரிசு, இதழ் நெரிசலில் பறவைக்கு வழி கிடைக்காது. அதன் தம்பி போல, விரியாமல் சுருண்டே தொங்கும் மொட்டுச் செம்பருத்தியில் தேன் நிறைய. ஹமீலியா என்று நர்சரியில் கேட்டால் கிடைக்கும், ஆரஞ்சு நிறக் குழல் பூ. ரசேலியா சவுக்கு இலை மாதிரி சரிந்து தொங்கும், மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பொருத்தம். கடைசியாகச் சொன்ன மூன்றும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள், அங்கே ஓசனிச்சிட்டுகளுக்கு இலை போடுபவை. இங்கே நம் தேன்சிட்டுக்குப் பந்தி வைக்கின்றன. நம் ஊர்ப் பக்கமிருந்து இட்லிப்பூ, மாதுளை, வாழை, முருங்கை. தரையில் இடமிருந்தால் கல்யாண முருங்கை. சோற்றுக்கற்றாழை பூக்கிற வயசுக்கு வந்துவிட்டால் அந்த ஒற்றைத் தண்டை வெட்டிவிடாதீர்கள்.

மாமரத்தில் புல்லுருவி பிடித்திருந்தால் வேரோடு அழிக்கும் முன் யோசியுங்கள். அதன் குழல் பூவைத் திறப்பது தேன்சிட்டும் பூக்கொத்தி என்ற குட்டிக் குருவியும்தான், பழத்தைத் தின்று விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டுவதும் பூக்கொத்தியே. மரம் பெரியது, புல்லுருவி ஒரு கிளையில்தான் என்றால் விட்டு வைக்கலாம். பரவினால் கிளையோடு வெட்டத்தான் வேண்டும்.

செம்பருத்தியில் தேன்சிட்டு வந்துபோனதற்கு ஒரு தடயம் உண்டு. பூவின் வாய்ப்பக்கம் அது பெரும்பாலும் போகாது. பூவின் பின்னால் வந்து காம்பில் தொற்றிக்கொண்டு, பச்சைப் புல்லிக்கு அருகில் இதழின் அடியில் ஒரு குத்து. மாலையில் வாடப்போகும் பூவைத் திருப்பிப் பாருங்கள், ஊசியால் கிழித்தது போல மெல்லிய கீறல் இருக்கும், ஓரம் பழுத்திருக்கும். மகரந்தம் ஒட்டாமல் தேனை மட்டும் எடுத்துப் போகும் திருட்டு இது. செடிக்கு ஒன்றும் ஆகாது. பூ குறைபட்டதென்று பூச்சிமருந்து அடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொட்டி 12 முதல் 14 அங்குலம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய சாணம். ஐந்தாறு மணி நேர வெயில் விழ வேண்டும். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது. செம்பருத்தியும் ஹமீலியாவும் புதுத்துளிரில் பூப்பவை, ஆகவே மழைக்காலம் முடிந்து தையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் இரண்டு வாரம் தள்ளித் தள்ளி வெட்டினால் பந்தி நடுவில் நிற்காது. இட்லிப்பூ இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது போர்த் தண்ணீரின் வேலை. காரத்தன்மையால் மண்ணில் இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியவில்லை. லிட்டருக்கு 3 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட மருந்து இல்லை.

செம்பருத்தி என்றால் மாவுப்பூச்சி நிச்சயம். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பாதி போய்விடும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு, பூவில் படாமல். தொட்டியில் எறும்பு ஏறுவதையும் நிறுத்த வேண்டும், மாவுப்பூச்சியை மேய்ப்பதே எறும்புதான். நர்சரியில் 'இதைப் போடுங்க சார், ஒரே நாளில் போயிடும்' என்று இமிடாகுளோப்ரிட் நீட்டினால் வாங்காதீர்கள். அது செடிக்குள் ஊடுருவி, பூந்தேன் வரைக்கும் போகும் மருந்து.

மருந்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணம், தேன்சிட்டு தேனை மட்டும் தின்று வாழ்வதில்லை. குஞ்சுக்கு ஊட்டுவது சின்னப் பூச்சியும் சிலந்தியும். சிலந்தி இரை மட்டுமல்ல, கொத்தனார் சாமானும் அதனிடமிருந்துதான் வருகிறது. கூட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொடிக்கயிற்றிலோ, காலிங்பெல் ஒயரிலோ, காய்ந்த கொடியிலோ குப்பை தொங்குவது போல ஒரு சின்னப் பை. காய்ந்த புல், பட்டைத் துணுக்கு, கம்பளிப்பூச்சி எச்சம், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது ஒட்டடை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் மழைத்தண்ணீர் வழிய ஒரு சின்னச் சார்ப்பு. உள்ளே மெத்தைக்குப் பஞ்சு. கட்டுவது பெண் பறவை, ஆண் கூடவே வந்து மேற்பார்வை பார்க்கும். நம் வீட்டு வேலைகளும் அப்படித்தானே நடக்கின்றன. வழக்கமாக இரண்டு முட்டை, அடைகாக்க இரண்டு வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு பறக்க ஏறக்குறைய அதே அளவு.

அதனால் பால்கனி மூலை, கிரில்லின் மேற்புறம், செடித் தொட்டிகளின் பின்பக்கம் இங்கெல்லாம் ஒட்டடைக் கம்பைக் காட்ட வேண்டாம். வீட்டுக்குள் அடித்துக்கொள்ளுங்கள், விருந்தாளி வரும் இடம் அது. கொடிக்கயிற்றில் கூடு கட்டிவிட்டால் குஞ்சு பறக்கும் வரை வேறு கயிறு. கூட்டைச் சுற்றி இலையை வெட்டி 'காற்றோட்டம்' செய்து கொடுத்தால் காக்கைக்கு வழிகாட்டியதாகும். போனை வாசலருகே நீட்டிப் படமெடுப்பதும் அதே கதைதான். காற்றில் கூடு அறுந்து விழுந்திருந்தால், பாதித் தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு, கூட்டை அதில் பொதிந்து, அதே இடத்தில் அதே உயரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் வராது என்பது பாட்டிக் கதை, குஞ்சு கத்தினால் வரும்.

தண்ணீருக்கு மண் தட்டு போதும், ஆழம் இரண்டு விரற்கடை. இரண்டு நாளைக்கு ஒருமுறை கவிழ்த்து, விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்து நிரப்புங்கள். ஏடிஸ் கொசு முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து கேட்டாலும் தலைநிமிர்ந்து காட்டலாம். தேன்சிட்டு தட்டில் இறங்கிக் குளிப்பதைவிட ஈர இலையில் புரளத்தான் விரும்பும். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குச் செடி இலைகளில் ஹோஸால் பூந்தூறலாக அடித்துவிட்டு விலகி நில்லுங்கள்.

கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியென்று கொத்தும் ஆண் பறவை ஒரு தொல்லை. பைக் கண்ணாடிக்குப் பழைய சாக்ஸ், ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒட்டிய செய்தித்தாள், சில வாரம் போதும்.

வருவது எது? மஞ்சள் வயிறு, செம்பழுப்பு முதுகு, வெயிலில் பச்சையாய் மின்னும் உச்சந்தலை என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண். சென்னைத் தோட்டங்களில் சாதாரணமாகப் பார்ப்பது இதுதான். முழுக்கக் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. அதே போல இருந்து, அலகு மட்டும் அரிவாளாய் நீண்டு வளைந்து, வயிறு மங்கலான பழுப்பாக இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண் போல மஞ்சளாகிவிடும், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். 'நாலாவதாக ஒரு புது இனம்' என்று படம் அனுப்புகிறவர்கள் பார்த்தது இந்தக் கோட்டைத்தான்.

வலசைக்கு வருவோம். ரூபித்தொண்டை ஓசனிச்சிட்டு 3 கிராம் எடையை வைத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கும், சுமார் 800 கிலோமீட்டர். நம் தேன்சிட்டு அப்படியெல்லாம் கிளம்பாது. எந்தத் தெருவில் பூவோ அந்தத் தெருவுக்குப் போய்வரும், அவ்வளவுதான். ஆனால் வலசை பார்க்க வேண்டுமென்றால் அதே பால்கனி நாற்காலி போதும், ஆட்கள்தான் வேறு.

செப்டம்பரில் புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல 'டக்… டக்' என்று கேட்கத் தொடங்கும். ஆளைக் காட்டாத அந்தப் பழுப்புப் பறவை பிளித் நாணல் கதிர்க்குருவி, ஏப்ரல் வரை இருக்கும். கண்ணுக்குக் கறுப்பு முகமூடி கட்டிக்கொண்டு கம்ப உச்சியில் உட்காருவது பழுப்புக் கீச்சான். மரம் அடர்ந்த அடையாறு, கிண்டிப் பக்கத்து வீடுகளில் குளிர்காலத்தில் மாங்குயிலும், ரிப்பன் போன்ற நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பானும் தட்டுப்படும். கல்யாண முருங்கை பூக்கும் நேரத்தில் சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று அதில் இறங்கினால் தேன்சிட்டுக்கு அன்று பட்டினி.

தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். ஒரே நாற்காலி, 15 நிமிடம், கண்டது கேட்டது எல்லாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவதற்கும் அந்த அளவு போதும்.

அக்டோபரில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வரும் ஆறுமணிக்குருவி, விளக்கு வெளிச்சத்தில் திகைத்துச் சுவரில் மோதி வராந்தாவில் கிடக்கும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, குட்டை வால். மீன்கொத்திக் குஞ்சென்று பலரும் நினைப்பார்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நாலு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, அடியில் பழைய துணி, மூடி வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். இறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ புளூ கிராஸுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். இல்லையென்றால் காக்கை அடங்கிய பிறகு, மாலை ஆறு மணி சுமாருக்கு, மரத்தடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். உடனே பறக்காது. இரண்டு தத்துத் தத்தி, சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.